கைக்குழந்தைகளின் மூச்சு நுண்குழல் அழற்சியும் நுரையீரல் இரத்த ஓட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிராங்கியோலைட்டிஸ் எனப்படும் மூச்சு நுண்குழல் அழற்சியைப் பற்றிப் பேசும்போது சளி, இருமல், இளைப்பு ஆகியவற்றோடு பேச்சு நின்றுவிடுகிறது. குழந்தையின் ஆக்சிஜன் அளவு ஏன் குறைகிறது, நெபுலைசர் வைத்த பிறகும் அது ஏன் ஏறவில்லை, இதயத்தில் ஓட்டை உள்ள குழந்தைக்கு மட்டும் இதே நோய் ஏன் இவ்வளவு கடுமையாகிறது என்ற கேள்விகளுக்கு நுரையீரலின் இரத்த ஓட்டத்தைப் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. பெற்றோரும் செவிலியர்களும் மருத்துவ மாணவர்களும் அடிக்கடி கேட்பவற்றுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

இது எப்படிப்பட்ட நோய்?

இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, அதிலும் பிறந்து ஓர் ஆண்டு நிறையாதவர்களுக்கு, நுரையீரலின் மிகச் சிறிய காற்றுக் குழல்களில் வரும் வைரஸ் தொற்று இது. முதல் இரண்டு மூன்று நாட்கள் மூக்கொழுகலும் லேசான காய்ச்சலும் இருக்கும். அதன்பின் இருமலும் வேகமான மூச்சும் நெஞ்சில் வீசிங் ஒலியும் தொடங்கி, மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் உச்சத்தை எட்டும். பெரும்பாலானவர்களுக்கு ஆர்.எஸ்.வி. (ரெஸ்பிரேட்டரி சின்சிஷியல் வைரஸ்) என்ற வைரஸே காரணம். 1956ஆம் ஆண்டு சிம்பன்சிகளிடம் முதலில் பிரித்தெடுக்கப்பட்ட இந்த வைரஸ், அதற்கு அடுத்த ஆண்டே நோயுற்ற குழந்தைகளிடமும் கண்டறியப்பட்டது. ரைனோ வைரஸ், மெட்டாநிமோ வைரஸ், பாராஇன்ஃப்ளுயன்சா, அடினோ வைரஸ் ஆகியவையும் இதே நோயை உண்டாக்கும்.

பெரும்பாலான குழந்தைகள் வீட்டிலேயே தேறிவிடுகின்றனர் என்பதற்காக இதை எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் ஆர்.எஸ்.வி. தொற்றால் உயிரிழந்தனர் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அவற்றில் நூற்றுக்கு 97க்கும் மேற்பட்ட மரணங்கள் குறைந்த, நடுத்தர வருவாய் நாடுகளில் நிகழ்ந்தவை.

காற்றுக் குழலில் வரும் நோய்க்கும் இரத்த ஓட்டத்துக்கும் என்ன தொடர்பு?

நுரையீரலின் வேலை காற்றையும் இரத்தத்தையும் ஒரே இடத்தில் சந்திக்க வைப்பது. காற்று நுண்ணறையின் உள்ளே காற்றும், அதன் சுவரை ஒட்டியுள்ள தந்துகிகளில் இரத்தமும், ஒன்றுக்கொன்று ஏற்ற அளவில் ஓட வேண்டும். காற்று வந்து இரத்தம் வராவிட்டால் அந்த மூச்சு வீண். இரத்தம் வந்து காற்று வராவிட்டால், ஆக்சிஜன் ஏறாத இரத்தம் அப்படியே இதயத்தின் இடப்பக்கம் போய் உடலெங்கும் பரவும்.

ஐந்து கிலோ எடையுள்ள குழந்தையின் நுரையீரல் வழியாக நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் இரத்தம் ஓடுகிறது. வைரஸ் தாக்கும்போது குழலின் உட்படலச் செல்கள் உதிர்கின்றன, சுவர் வீங்குகிறது, சளியும் இறந்த செல்களும் சேர்ந்து அடைப்பாகின்றன. இந்த அடைப்பு நுரையீரல் முழுவதும் ஒரே சீராக ஏற்படுவதில்லை. ஓரிடத்தில் முழு அடைப்பு, பக்கத்தில் பாதி அடைப்பு, அதற்கடுத்து நல்ல பகுதி என்று திட்டுத் திட்டாக அமையும். காற்றின் பங்கீடு இவ்வாறு குலைந்தபின் இரத்தத்தின் பங்கீடு பழையபடியே இருந்தால் இரண்டும் பொருந்தாமல் போகும். இந்த நோயில் ஆக்சிஜன் குறைவதற்கு முதன்மையான காரணம் இந்தப் பொருத்தமின்மைதான்.

காற்று வராத பகுதிக்குப் போகும் இரத்தத்தை உடல் என்ன செய்கிறது?

உடலின் மற்ற உறுப்புகளில் ஆக்சிஜன் குறைந்தால் அங்குள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து கூடுதல் இரத்தத்தை வரவழைக்கும். நுரையீரலில் மட்டும் இது நேர்மாறாக நடக்கிறது. ஒரு பகுதியின் நுண்ணறைகளில் ஆக்சிஜன் அழுத்தம் ஏறத்தாழ 60 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் கீழே இறங்கினால், அந்தப் பகுதிக்குப் போகும் சிறு தமனிகள் சுருங்கிக்கொள்கின்றன. இரத்தம் காற்றுள்ள பகுதிகளை நோக்கித் திரும்புகிறது. தண்ணீர் வேண்டாத வயலின் மடையை அடைத்து, வேண்டிய வயலுக்குத் திருப்பிவிடுவது போன்ற ஏற்பாடு இது. சுவீடனைச் சேர்ந்த உடலியல் அறிஞர்களான வான் ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் 1946ஆம் ஆண்டு பூனைகளின் நுரையீரல் தமனி அழுத்தத்தை அளந்து இதனை வெளியிட்டார்கள்.

இந்தச் சுருக்கத்துக்கு மூளையின் கட்டளையோ நரம்பின் தூண்டுதலோ தேவையில்லை. தமனிச் சுவரின் தசைச் செல்களே ஆக்சிஜன் குறைவை உணர்கின்றன. செல் சவ்விலுள்ள பொட்டாசியம் வழிகள் மூடி, கால்சியம் வழிகள் திறந்து, தசை இறுகுகிறது. சில நொடிகளில் தொடங்கிச் சில நிமிடங்களில் இது முழுமை பெறும். இரத்தத்தில் அமிலத்தன்மையும் கரியமில வாயுவும் கூடினால் சுருக்கம் மேலும் வலுக்கும்.

இப்படியொரு பாதுகாப்பு இருந்தும் ஆக்சிஜன் ஏன் குறைகிறது?

இதற்குப் பல காரணங்கள் உள்ளன. முதலாவதாக, இந்தத் திருப்பிவிடுதல் ஒருபோதும் முழுமையானதன்று. அடைபட்ட பகுதிக்கும் ஓரளவு இரத்தம் போய்க்கொண்டேதான் இருக்கும். இரண்டாவதாக, அழற்சியின்போது உருவாகும் நைட்ரிக் ஆக்சைடு, புரோஸ்டாகிளாண்டின் போன்ற பொருட்கள் குழாய்களை விரிக்கும் தன்மை கொண்டவை ஆதலால், நோய் கடுமையாக உள்ள இடத்திலேயே சுருக்கம் வலுவிழக்கிறது. மூன்றாவதாக, அடைப்பு நுரையீரலின் பெரும்பகுதியில் பரவிவிட்டால் இரத்தத்தைத் திருப்பிவிட நல்ல இடமே மிஞ்சாது.

இன்னொன்றும் உண்டு, இது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. குழந்தை வேகமாக மூச்சுவிட்டு நல்ல பகுதிகளுக்குள் கூடுதல் காற்றை இழுத்தாலும், அங்கே ஓடும் இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஏற்கெனவே நூற்றுக்கு 97, 98 என்ற அளவில் நிரம்பியிருக்கிறது. அதற்குமேல் ஏற்ற இடமில்லை. ஆகவே நல்ல பகுதியால் கெட்ட பகுதியின் ஆக்சிஜன் குறையை ஈடுசெய்ய முடியாது. கரியமில வாயுவின் கணக்கோ வேறு. வேகமான மூச்சால் அதை எளிதாக வெளியேற்றிவிடலாம். அதனால்தான் நோயின் தொடக்கத்தில் ஆக்சிஜன் குறைந்திருக்கும்போதே கரியமில வாயு இயல்பாகவோ சற்றுக் குறைவாகவோ காணப்படுகிறது. அது ஏறத் தொடங்கினால், குழந்தை களைத்துவிட்டது என்று பொருள்.

இரத்தத்தின் ஆக்சிஜன் நிறைவை நூற்றுக்கு இவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டரின் எண் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே ஏறி இறங்குவதைப் பார்த்துப் பெற்றோர் பதறுவதுண்டு. சளிக்கட்டி இடம் மாறும்போதும், குழந்தை இருமும்போதும், அழும்போதும், உறங்கும்போதும் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்பது மாறிக்கொண்டே இருக்கிறது. இரத்தம் அதைப் பின்தொடர்ந்து திரும்பச் சற்று நேரம் பிடிக்கிறது. ஒரு தனி எண்ணைக் காட்டிலும் சில மணி நேரப் போக்கே உண்மையைச் சொல்லும்.

பெரியவர்களுக்குச் சாதாரணச் சளியாகப் போகும் வைரஸ் கைக்குழந்தையை மட்டும் ஏன் இப்படி வாட்டுகிறது?

குழலின் விட்டம் முதற்காரணம். ஒரு குழலின் ஆரம் பாதியாகக் குறைந்தால் அதன் தடை பதினாறு மடங்காகிறது. பெரியவரின் மூச்சுக்குழலில் ஒரு பொருட்டாகாத வீக்கம் குழந்தையின் குழலை மூடிவிடும். அடுத்தது, பெரியவர்களின் நுரையீரலில் ஒரு நுண்ணறையிலிருந்து பக்கத்து நுண்ணறைக்குக் காற்று கடந்து செல்ல நுண்துளைகள் உள்ளன. கைக்குழந்தைகளுக்கு இவை இன்னும் சரியாக வளர்ந்திருப்பதில்லை. எனவே குழல் அடைபட்டால் அதன் பின்னுள்ள பகுதிக்குக் காற்று போக மாற்றுவழி இல்லை. இருந்த காற்றும் உறிஞ்சப்பட்டு அப்பகுதி சுருங்கிவிடுகிறது.

மூன்றாவது காரணம் இரத்தக் குழாய்களைச் சார்ந்தது. கருவில் இருக்கும்போது நுரையீரலுக்கு அதிக இரத்தம் தேவையில்லை என்பதால் அதன் சிறு தமனிகள் தடித்த தசைச்சுவரோடு இறுகியிருக்கும். பிறந்தவுடன் அவை விரிந்தாலும், சுவர் மெலிந்து பக்குவமடைய வாரங்களும் மாதங்களும் ஆகும். இந்த இடைப்பட்ட காலத்தில் ஆக்சிஜன் குறைவுக்கும் அமிலத்தன்மைக்கும் அவை பெரியவர்களின் குழாய்களைவிட வேகமாகவும் வலுவாகவும் சுருங்கும். இளங்குழந்தைகள் பலருக்கு இதயத்தின் மேலறைகளுக்கு இடையிலுள்ள நீள்வட்டத் துளையும் இறுக மூடியிருப்பதில்லை. நுரையீரல் அழுத்தம் மிகவும் உயர்ந்தால், வலப்பக்க இரத்தம் நுரையீரலுக்கே போகாமல் இந்தத் துளை வழியாக இடப்பக்கம் கடந்துவிடலாம். அப்போது எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் எண் ஏறாது.

குழந்தையின் நெஞ்சு உப்பியிருப்பது இரத்த ஓட்டத்தைப் பாதிக்குமா?

பாதிக்கும். பாதி அடைபட்ட குழல் மூச்சை இழுக்கும்போது சற்று விரிந்து காற்றை உள்ளே விடும்; வெளிவிடும்போது குறுகி அதைச் சிறைப்படுத்திவிடும். இவ்வாறு அளவுக்கு மீறி உப்பிய நுண்ணறைகள் தம் சுவரிலுள்ள தந்துகிகளை நசுக்குகின்றன. மறுபுறம், சுருங்கிப்போன பகுதிகளில் நுண்ணறைக்கு வெளியே உள்ள சற்றுப் பெரிய குழாய்கள் தாங்குவாரின்றி வளைந்து குறுகிவிடுகின்றன. ஆக, நுரையீரல் இயல்பான கொள்ளளவில் இருக்கும்போதுதான் இரத்த ஓட்டத்துக்கான தடை மிகக் குறைவாக இருக்கும். அதற்கு மேலே போனாலும் கீழே போனாலும் தடை உயரும். இந்த நோயில் ஒரே நுரையீரலுக்குள் இரண்டும் அருகருகே நடக்கின்றன.

இங்கே படுக்கையருகே பயன்படும் ஒரு செய்தி. உப்பிய நுரையீரல் உதரவிதானத்தைக் கீழே தள்ளுவதால், வயிற்றைத் தொட்டுப் பார்க்கும்போது கல்லீரல் விலா எலும்புக்குக் கீழே இரண்டு மூன்று செ.மீ. இறங்கித் தட்டுப்படும். கல்லீரல் பெரிதாகிவிட்டது, இதயம் செயலிழக்கிறது என்று இதை உடனே எடுத்துக்கொள்ளக் கூடாது. விரல்களால் தட்டிக் கல்லீரலின் மேல் எல்லையையும் பார்த்தால், அதுவும் சேர்ந்து இறங்கியிருப்பது தெரியும். மேல் எல்லை இருந்த இடத்திலேயே இருந்து கீழ் விளிம்பு மட்டும் இறங்கியிருந்தால், அப்போது இதயத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

நுரையீரல் இரத்த அழுத்தம் எல்லாக் குழந்தைகளுக்கும் உயருமா?

நலமாக இருந்து நோயுற்ற குழந்தைகளில் பெரும்பாலோருக்கு உயர்வு லேசானது. நோய் தணியும்போது தானே மறைந்துவிடும். நுரையீரலின் பெரும்பகுதி பாதிக்கப்பட்டு, தமனிகள் பல இடங்களில் ஒரே நேரத்தில் சுருங்கும்போதுதான் மொத்தத் தடை கணிசமாக உயர்கிறது. இதயத்தின் வலக் கீழறையின் சுவர் மெல்லியது. திடீரென உயரும் அழுத்தத்தை எதிர்த்து நெடுநேரம் இயங்க அதனால் முடியாது. அது தளர்ந்தால் இடப்பக்கத்துக்கு வரும் இரத்தம் குறைந்து, உடல் முழுவதற்குமான ஓட்டமும் குறையும். தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரில் உள்ள குழந்தைகளிடம் இதைத் தேடிப் பார்ப்பது அவசியம்.

அப்படியானால் எல்லோருக்கும் எக்கோ எடுக்க வேண்டாமா?

வேண்டாம். லேசான, நடுத்தர நோயில் எக்கோவோ (ஒலியலைகளால் இதயத்தைப் படமெடுக்கும் சோதனை), எக்ஸ்ரேயோ, இரத்தப் பரிசோதனையோ வழக்கமாகத் தேவைப்படுவதில்லை. எக்ஸ்ரேயில் தெரியும் சுருங்கிய பகுதியை நிமோனியா என்று எண்ணித் தேவையற்ற ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்படுவதே அதிகம்.

கொடுக்கும் ஆக்சிஜனுக்கு ஏற்ப அளவு உயராதபோதும், இதயத்தில் முணுமுணுப்பு ஒலி கேட்கும்போதும், முன்பே இதய நோயோ நாட்பட்ட நுரையீரல் நோயோ இருக்கும்போதும் எக்கோ எடுப்பது பொருத்தம். வலப்பக்க மூவிதழ் வால்வில் பின்னோக்கிக் கசியும் இரத்தத்தின் வேகத்தை அளந்து, அதன் வர்க்கத்தை நான்கால் பெருக்கினால் வலக் கீழறைக்கும் மேலறைக்கும் உள்ள அழுத்த வேறுபாடு கிடைக்கும். கசிவின் வேகம் நொடிக்கு 3 மீட்டர் என்றால் வேறுபாடு 36 மில்லிமீட்டர் பாதரசம். கீழறைகளுக்கு இடையிலுள்ள சுவர் தட்டையாகி இடப்பக்கம் சாய்ந்திருப்பதும் அழுத்தம் உயர்ந்திருப்பதற்கு அடையாளம். கதிரியக்கத் துகள்களைச் செலுத்தி நுரையீரலின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு இரத்தம் போகிறது என்று படமெடுக்கும் முறை இருந்தாலும், மூச்சுத் திணறும் குழந்தையை அதற்காகக் கொண்டுபோவதில் பயனில்லை.

பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள குழந்தைக்கு ஆபத்து ஏன் கூடுகிறது?

இந்தப் பக்கத்திலேயே மிக முக்கியமான கேள்வி இதுவென்று கருதுகிறேன். கீழறைகளுக்கு இடையே பெரிய ஓட்டை இருந்தால், இடப்பக்கத்திலிருந்து இரத்தம் வலப்பக்கம் கசிந்து நுரையீரலுக்கு இயல்பைவிடக் கூடுதலாகப் பாயும். ஏற்கெனவே இரத்தமும் நீரும் தேங்கி இறுகிய நுரையீரலில் வைரஸ் அழற்சியும் சேர்ந்துகொள்கிறது. தமனிகள் சுருங்கி அழுத்தம் கூடினால் கசிவின் திசையே மாறி, ஆக்சிஜன் ஏறாத இரத்தம் உடலுக்குள் போய்க் குழந்தை நீலம் பாயலாம். அதைச் சரிசெய்ய ஆக்சிஜனை அளவின்றிக் கொடுத்தாலோ தமனிகள் விரிந்து, நுரையீரலுக்குள் வெள்ளமாக இரத்தம் பாய்ந்து இதயம் மேலும் திணறும். எனவே இக்குழந்தைகளுக்கு ஆக்சிஜன் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைக் குழந்தையின் இதய மருத்துவரே வரையறுக்க வேண்டும். மற்றக் குழந்தைகளுக்கான அளவு இவர்களுக்குப் பொருந்தாது.

1982ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆர்.எஸ்.வி. தொற்றோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட இதயக் கோளாறுள்ள குழந்தைகளில் நூற்றுக்கு 37 பேர் உயிரிழந்திருந்தனர். நுரையீரல் இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தவர்களே அதிகம் பாதிக்கப்பட்டிருந்தனர். தீவிர சிகிச்சையும் இதய அறுவையும் வளர்ந்த பின் இந்த எண்ணிக்கை பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் இவர்களுக்கான அபாயம் இன்றும் மற்றவர்களைவிட அதிகம். அவசரமில்லாத இதய அறுவையைத் தொற்று நீங்கும்வரை தள்ளிப்போடுவதற்கும் நுரையீரல் தமனிகளின் இந்த எளிதில் சுருங்கும் இயல்பே காரணம்.

குறைமாதத்தில் பிறந்து, நெடுநாள் ஆக்சிஜனும் வென்டிலேட்டரும் தேவைப்பட்ட குழந்தைகளின் நிலையும் இதை ஒட்டியதே. அவர்களது நுரையீரலில் இரத்தக் குழாய்களின் எண்ணிக்கையே குறைவு; இருப்பவையும் தடித்த சுவரோடு எளிதில் சுருங்குபவை.

நெபுலைசரில் சால்புடமால் வைத்தபின் ஆக்சிஜன் இன்னும் குறைந்ததே, ஏன்?

சால்புடமால் மூச்சுக்குழலின் தசையை மட்டுமன்றி இரத்தக் குழாயின் தசையையும் தளர்த்தும். காற்று வராத பகுதியில் உடல் இறுக்கி வைத்திருந்த தமனிகள் அதனால் திறந்துகொள்ள, பயனற்ற இடத்துக்கு மறுபடியும் இரத்தம் பாய்கிறது. இக்குழந்தைகளுக்கு அடைப்பு ஏற்படுவது தசை இறுக்கத்தைவிட வீக்கத்தாலும் சளியாலும்தான் என்பதால், குழல் திறந்து கிடைக்கும் நன்மையும் சொற்பம். ஆக்சிஜன் சில புள்ளிகள் இறங்கிச் சிறிது நேரத்தில் மீண்டும் ஏறிவிடுவதுண்டு. ஆஸ்துமாவிலும் இதே நிகழ்வு உண்டு. ஆனால் அங்கே குழல் திறப்பதால் வரும் நன்மை பெரியது.

அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014ஆம் ஆண்டின் வழிகாட்டியில், இந்த நோய்க்குச் சால்புடமால், அட்ரினலின், ஸ்டீராய்டு ஆகியவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. மருந்து எதுவும் எழுதாத மருத்துவரைக் கண்டால் பெற்றோருக்கு நிறைவு ஏற்படாது என்பது புரிகிறது. ஆனால் இந்த நோயில் மூக்கைச் சுத்தம் செய்வதும், பால் இறங்குவதைக் கவனிப்பதும், தேவையானபோது ஆக்சிஜன் கொடுப்பதுமே மெய்யான சிகிச்சை.

ஆக்சிஜன் எந்த அளவுக்குக் கீழே போனால் கொடுக்க வேண்டும்?

ஆக்சிஜனை நுரையீரல் தமனிகளை விரிக்கும் மருந்தாகவும் கருத வேண்டும். பாதி அடைபட்ட பகுதிக்குள் ஆக்சிஜன் மிகுந்த காற்று கொஞ்சம் போனாலும் அங்குள்ள இரத்தம் நிரம்பிவிடும் என்பதால், இந்த நோயில் பெரும்பாலும் சிறிதளவு ஆக்சிஜனே போதுமானதாக இருக்கிறது. மேற்சொன்ன அமெரிக்க வழிகாட்டியும் உலக சுகாதார நிறுவனமும் நூற்றுக்கு 90 என்ற அளவை எல்லையாகக் கொள்கின்றன. சிகிச்சை வழிகாட்டிகளை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு ஆறு வாரம் நிறைந்த குழந்தைகளுக்கு 90 என்றும், அதற்கும் இளையவர்களுக்கும் வேறு நோய் உள்ளவர்களுக்கும் 92 என்றும் வரையறுத்துள்ளது.

90 போதுமா என்ற ஐயத்துக்கு 2015ஆம் ஆண்டு பிரிட்டனில் வெளியான ஓர் ஆய்வு நல்ல விடை தந்தது. எட்டு மருத்துவமனைகளில் 615 குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு உண்மையில் 90 இருக்கும்போது 94 என்று காட்டும்படி ஆக்சிமீட்டர்கள் மாற்றப்பட்டிருந்தன. இரு பிரிவிலும் இருமல் அடங்கப் பாதிக் குழந்தைகளுக்கு 15 நாட்கள் ஆயின. குறைந்த எல்லையை ஏற்ற பிரிவினர் விரைவில் நன்றாகப் பால் குடிக்கத் தொடங்கி, விரைவில் வீடு திரும்பினர். இதயக் கோளாறும் நாட்பட்ட நுரையீரல் நோயும் உள்ளவர்களுக்கு இந்த முடிவை நீட்டிப் பொருத்தக் கூடாது.

உயர் ஓட்ட ஆக்சிஜனும் சி-பாப்பும் என்ன செய்கின்றன?

சூடாக்கி ஈரப்படுத்திய காற்றை உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர் என்ற வேகத்தில் மூக்கின் வழியாகச் செலுத்துவது உயர் ஓட்ட முறை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் 1,472 குழந்தைகளிடம் நடந்து 2018ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், அடுத்தகட்ட சிகிச்சைக்கு மாற வேண்டியிருந்தவர்கள் இம்முறையில் நூற்றுக்கு 12 பேர், சாதாரண ஆக்சிஜனில் 23 பேர். மருத்துவமனையில் தங்கிய நாட்களில் வேறுபாடு இல்லை. சி-பாப் என்ற மூச்சு உதவி முறை இன்னும் உறுதியான அழுத்தத்தைத் தொடர்ந்து கொடுத்துச் சுருங்கிய பகுதிகளைத் திறக்கிறது. திறந்த இடத்தில் தமனியும் தளர்கிறது. அழுத்தம் மிகுந்துவிட்டால் நுண்ணறைகள் உப்பித் தந்துகிகளை நசுக்கும் என்பதால் அளவறிந்து வைக்க வேண்டும்.

தமனிகளை விரிக்க நைட்ரிக் ஆக்சைடு கொடுத்தால் என்ன?

மூச்சோடு உள்ளிழுக்கும் நைட்ரிக் ஆக்சைடு, காற்று போகும் பகுதியின் தமனிகளை மட்டுமே விரிக்கும் என்பதால் கொள்கையளவில் இது பொருத்தமானது. பச்சிளங்குழந்தைகளின் கடும் நுரையீரல் அழுத்த உயர்வுக்கு இது ஏற்கப்பட்ட மருந்து. மூச்சு நுண்குழல் அழற்சிக்கு இது வழக்கமான சிகிச்சை அல்ல. எக்கோவில் அழுத்தம் மிக உயர்ந்திருப்பது உறுதியான, வென்டிலேட்டரிலுள்ள சில குழந்தைகளுக்கு மட்டும் முயலப்படுகிறது. சில்டெனாபில் போன்ற மருந்துகளை வாய்வழி கொடுத்தால் அவை நல்ல பகுதி, கெட்ட பகுதி என்று பாராமல் எல்லாத் தமனிகளையும் விரித்துவிடும்.

நரம்பு வழியாக நீர் ஏற்றுவதில் கவனம் தேவையா?

மிகவும் தேவை. கடும் நோயில் உடல் நீரைத் தேக்கி வைக்கும் ஹார்மோனை மிகையாகச் சுரப்பதால் சோடியம் குறையும். குழந்தை மூச்சை இழுக்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சுக்குள் ஏற்படும் பலத்த எதிர்மறை அழுத்தம், தந்துகிகளிலிருந்து நீரை நுண்ணறைப் பக்கம் இழுக்கிறது. அப்போது கைநிறைய நீரேற்றினால் அது நுரையீரலில்தான் சேரும். முடிந்தவரை தாய்ப்பாலையோ, மூக்கு வழிக் குழாயில் பாலையோ கொடுப்பதே நல்லது.

எந்தப் பக்கமாகப் படுக்க வைக்க வேண்டும்?

ஒரு பக்க நுரையீரல் மட்டும் பாதிக்கப்பட்ட பெரியவரை நல்ல நுரையீரல் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வைப்பார்கள். காற்றும் இரத்தமும் கீழ்ப்பக்கமே அதிகம் போவதால் ஆக்சிஜன் ஏறும். கைக்குழந்தைகளின் மென்மையான விலாக்கூட்டில் காற்று மேல்பக்க நுரையீரலுக்கே அதிகம் செல்வதை 1980களில் நடந்த ஆய்வுகள் காட்டின. எனவே அவர்களுக்கு நல்ல நுரையீரல் மேலே இருப்பது உதவும். இவையெல்லாம் மருத்துவமனையில், கருவியின் கண்காணிப்பில் செய்ய வேண்டியவை. வீட்டில் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்தே உறங்கச் செய்ய வேண்டும்.

குணமானவுடன் ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ அழைத்துப் போகலாமா?

இருமல் முற்றிலும் அடங்கும்வரை தள்ளிவைப்பது நல்லது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடற்கரை ஊர்களைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. மூச்சில் வரும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைவதால், இன்னும் முழுமையாகத் திறக்காத பகுதிகளில் தமனிகள் மீண்டும் இறுகும். இதயக் கோளாறுள்ள குழந்தைகளாயின் மருத்துவரைக் கேட்காமல் போகவே கூடாது.

குளித்தபின் சாம்பிராணிப் புகை காட்டலாமா?

நோயுற்ற குழந்தைக்குக் கட்டாயம் கூடாது. நலமாக உள்ள குழந்தைக்கும் கூடாதென்பதே என் உறுதியான கருத்து. வைரஸ் ஏற்கெனவே உதிர்த்துவிட்ட உட்படலத்தைப் புகை மேலும் புண்ணாக்கி வீக்கத்தைக் கூட்டும். சிகரெட், விறகடுப்பு, கொசுவத்திப் புகைக்கும் இதுவே பொருந்தும். மூக்கில் எண்ணெய் விடுவதையும் நிறுத்த வேண்டும். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கித் தனியே ஒரு நிமோனியாவை உண்டாக்கும்.

எப்போது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

நிமிடத்துக்கு எழுபதுக்கு மேல் மூச்சு, ஒவ்வொரு மூச்சிலும் முனகல், விலாவுக்குக் கீழே ஆழமாகக் குழிவிழுதல், உதடும் நாக்கும் நீலமாதல், மூச்சு இடையில் நின்று வருதல், வழக்கமாகக் குடிக்கும் பாலில் பாதிகூட இறங்காமை, 12 மணி நேரமாகச் சிறுநீர் போகாமை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடம் நெஞ்சில் ஒலி எதுவும் கேட்பதற்கு முன்பே மூச்சு நின்றுபோவது முதல் அறிகுறியாக இருக்கலாம்.

இதைத் தடுக்க வழி உண்டா?

ஆர்.எஸ்.வி.க்கு எதிரான பாலிவிசுமாப் என்ற எதிர்ப்புரத ஊசி 1998ஆம் ஆண்டு அறிமுகமானது. தொற்றுக் காலத்தில் மாதந்தோறும் போட வேண்டியிருந்த இது, இதயக் கோளாறும் குறைமாதமும் உள்ளவர்களுக்கே பெரும்பாலும் கொடுக்கப்பட்டது. ஒரே ஊசியில் ஒரு பருவம் முழுவதும் காக்கும் நிர்செவிமாப் 2022ஆம் ஆண்டு ஐரோப்பாவிலும் மறு ஆண்டு அமெரிக்காவிலும் ஒப்புதல் பெற்றது. கர்ப்பிணிகளுக்குப் போட்டு, தாயிடமிருந்து குழந்தைக்கு எதிர்ப்பாற்றலைக் கடத்தும் தடுப்பூசியும் 2023ஆம் ஆண்டில் வந்துவிட்டது. இவை எட்டாத இடத்தில் கைகழுவுதலும், சளி பிடித்தவர்கள் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சாமல் இருப்பதும், தாய்ப்பாலும் கணிசமான பாதுகாப்பு.

இரத்த ஓட்டம் பழைய நிலைக்குத் திரும்பிவிடுமா?

பெரும்பாலான குழந்தைகளுக்கு முழுமையாகத் திரும்பிவிடும். உட்படலச் செல்கள் சில நாட்களில் மீண்டும் வளரத் தொடங்கினாலும், சளியை வெளியே தள்ளும் நுண்மயிர்கள் திரும்ப வளர இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். இருமல் நீடிப்பது அதனால்தான். அடைப்பு நீங்கிய இடத்தில் தமனிகள் தாமே தளர்ந்து இரத்தத்தை ஏற்கின்றன.

அரிதாக, பெரும்பாலும் அடினோ வைரஸ் தொற்றுக்குப் பிறகு, நுண்குழல்கள் தழும்பேறி நிரந்தரமாக அடைபட்டுவிடுகின்றன. அப்பகுதிகளில் தமனிகளும் சுருங்கியே இருந்து வளர்ச்சி குன்றுகின்றன. சி.டி. ஸ்கேனில் இரத்தக் குழாய்கள் மெலிந்த கருமையான திட்டுகளும், இரத்தம் மிகுந்த வெளிறிய திட்டுகளும் அடுத்தடுத்துத் தெரியும். ஒரு பக்க நுரையீரல் முழுவதும் இப்படிக் கருத்துச் சிறுத்துப்போகும் நிலையை 1953ஆம் ஆண்டு சுவையர், ஜேம்ஸ் என்ற மருத்துவர்கள் விவரித்ததால், அது அவர்கள் பெயராலேயே அழைக்கப்படுகிறது. நோய் தொடங்கி ஆறு வாரங்களுக்குப் பிறகும் வேகமான மூச்சோ வீசிங்கோ குறைந்த ஆக்சிஜனோ விடாமல் நீடித்தால், குழந்தை நுரையீரல் மருத்துவரிடம் காட்டி இந்த ஸ்கேன் தேவையா என்று கேட்க வேண்டும்.